கூலிக்கு ஓட்டிய போன்கள்

மாசி பிறந்ததுமே அந்த வருஷம் வெயில் ஏறிவிட்டது. காலை பத்து மணிக்கே கருமத்தம்பட்டி நால்ரோட்டில் தார் இளகிச் செருப்பைப் பிடித்தது. அமலி அப்போது நூலுக்குக் கஞ்சி போடுகிற ஒரு சைசிங் மில் ஆபீஸில் மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள். எலி வயரைக் கடித்து வைத்திருந்தது. நாற்பத்தெட்டு வயதில் மேசைக்கு அடியில் போவது சுலபம், வெளியே வருவதுதான் பாடு என்று போகிற இடமெல்லாம் சொல்லுவாள். வயரை வெட்டி, புது முனை வைத்து அழுத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து ரிசீவரைக் காதில் வைத்தாள். சத்தம் வந்தது. அது வந்தால்தான் அடுத்த இடத்துக்குக் கிளம்ப அவளுக்கு மனம் வரும்.

இன்டர்நெட்டில் பேசுகிற போன் அது. பார்க்க பழைய மேசை போன் மாதிரியே இருக்கும். ஒரே நம்பரில் நாலு பேர் எடுக்கலாம், பேசினதெல்லாம் பதிவாகும், முதலாளி ஊரில் இல்லாவிட்டால் அழைப்பு அவர் கைபேசிக்குப் போய்விடும். நூல் கடை, சைசிங், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று சோமனூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் நடுவே நூற்று எண்பத்தாறு போன்கள் அமலி கையால் மாட்டியவை. வயர் வேலை அவளுடையது. பில் கொடுப்பதும் வசூலும் அவள் வீட்டுக்காரர் சத்தியசீலனுடையது. தேர்த்திருவிழாவில் கொடி தூக்கச் சொன்னால் கூட வேறு யாருக்காவது ஆசை இருக்குமோ என்று ஒதுங்கி நிற்கிற மனுஷன் அவன். வசூலுக்குப் போனாலும் வாசலில் நின்று தொண்டையைச் செருமுவான், அவ்வளவுதான். ஆனாலும் ஒருவரும் பாக்கி வைத்ததில்லை.

அதற்கு முன் வீட்டுக்குப் பின்னால் எட்டுத் தறி ஓட்டினார்கள். கூலிக்குத்தான். பாவும் ஊடையும் சோமனூர் ஜவுளிக்காரர் தருவார். நெய்து மடித்துக் கொடுத்தால் மீட்டருக்கு இத்தனை என்று கூலி. நூலும் அவருடையது, துணியும் அவருடையது. தறிக்காரனுக்குச் சொந்தம் சத்தமும் கரண்டு பில்லும்தான். கூலி ஏறாமல் கிடந்து கிடந்து, ஒரு நாள் எட்டையும் உடைத்து இரும்புக் கடைக்கு எடை போட்டார்கள். தறிக்குடோன் மட்டும் மிஞ்சியது. அஞ்சு செண்ட், அஸ்பெஸ்டாஸ் கூரை.

அப்போதுதான் கோயமுத்தூரிலிருந்து சுந்தரராஜுலு வந்தார். போன் லைசென்ஸ் வைத்திருக்கிற கம்பெனிக்காரர். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. தறிக்காரர்களிடம் என்ன பேச வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார்.

"லைனு எங்களுது, போன் பெட்டி எங்களுது, லைசென்சும் எங்களுதுங்க. நீங்க ஓட்டிக் குடுத்தாப் போதும். நூத்துக்குப் பன்னெண்டு ரூபா கூலி. பில்லு மட்டும் உங்க பேர்ல போட்டுக்கலாமுங்க. உள்ளூர்க்காரர் பேரு இருந்தாத்தான சனங்க நம்புவாங்க?"

கூலி என்ற சொல் காதில் விழுந்ததுமே சத்தியசீலனுக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. அங்கேதான் தவறினார்கள். வேறு ஊர்க்காரனாக இருந்தால், என் பேரில் பில் போட்டால் வியாபாரம் என்னுடையதாகிவிடாதா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். தலைமுறையாய்க் கூலிக்கு ஓட்டியவர்களுக்கு அந்தக் கேள்வி வாயில் வராது. ஆறு வருஷமாக வசூல் முழுவதும் சத்தியசீலன் கணக்குக்கு வந்தது. மாதம் அஞ்சாம் தேதி தன் பன்னிரண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ராஜுலுவுக்கு அனுப்பினான். பில்லின் அடியில் 'வரிகளும் அரசு கட்டணமும் உட்பட' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியும் கட்டணமும் ராஜுலு வழியாக அரசாங்கத்துக்குப் போய்க்கொண்டிருப்பதாக இவர்கள் நினைத்தார்கள்.

நடுவில் ஒரு தடவை வேறு கம்பெனி ஆள் வந்து, கஸ்டமர்களை இந்தப் பக்கம் திருப்பிவிட்டால் நூற்றுக்கு இருபது தருகிறேன் என்றான். சத்தியசீலன் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தான்.

"பாவு குடுத்தது ஒருத்தரு, துணிய இன்னொருத்தருக்கு அளக்கறதுங்களா? அது களவுங்க தம்பி" என்றான்.

அந்த நாணயத்துக்குப் பரிசாக மாசி மாதம் பதிவுத் தபால் வந்தது. வரி ஆபீஸ் நோட்டீஸ். கடைசி மூணு வருஷமாகச் சத்தியசீலன் கணக்கில் வருஷத்துக்கு இருபத்தைந்து லட்சம் புரண்டிருக்கிறது, இருபது லட்சத்தைத் தாண்டியும் ஜி.எஸ்.டி. பதிவு செய்யவில்லை, விற்றதற்கு வரி கட்டவில்லை. வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்துப் பதினேழு லட்சம். இவர்கள் கைக்கு வந்தது வருஷத்துக்கு மூணு லட்சம் கூலி.

"கணக்குல ஏதோ கோளாறு. ராஜுலு ஒரு லெட்டர் குடுத்தாச் செரியாப் போயிரும்" என்று சத்தியசீலன் சொன்னான். வெளுத்த வேட்டியாக எடுத்துக் கட்டிக்கொண்டு கோயமுத்தூர் போனான்.

சாயங்காலம் திரும்பி வந்தவன் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டான். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அமலி அரிசிம்பருப்புச் சோறாக்கி, நெய் ஊற்றித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நகராமல் உட்கார்ந்தாள். அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"பத்து மணிக்குப் போனேன். ரெண்டு மணிக்குத்தான் வெளிய வந்தாரு. அங்க வேலை செய்யறவங்க இருவது பேரு இருக்கறாங்க. எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி, 'ஏனுங்க, நீங்க யாருங்க'ன்னாரு."

"தெரியலீங்களாமா?"

"தெரியாம என்ன? ஆறு வருசமா மாசம் தவறாமப் பேசறவரு. 'எங்ககிட்ட மொத்தமா வாங்கி உங்க பேர்ல வித்தீங்க. வித்தவரு வரி கட்டறதுதானுங்களே நாயம்'ங்கறாரு. ஒரே ஒரு லெட்டரு குடுங்க, நாங்க கூலிக்கு ஓட்டறவங்கன்னு எழுதுங்க, போதுமுன்னேன். கையெடுத்துக் கும்புட்டேன் அமலி."

"பொறவு?"

"வாட்ச்மேனக் கூப்புட்டாரு. 'அண்ணனப் பாத்துக் கூட்டிட்டுப் போயி ரோடு தாண்டி உட்டுருங்க, வயசாயிருச்சு, நெனவு தப்புது போல'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்த ஆளு என்ற கையப் புடிச்சு ரோடு தாண்டி உட்டுட்டுப் போனான்."

அவனுக்கு வயது ஐம்பத்தி நாலு. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், உண்ணவில்லை. அமலிக்கு எரிந்துகொண்டு வந்தது. பதினேழு லட்சம் கூட அப்படி எரியவில்லை. கும்பிட்ட கையைப் பிடித்து ரோடு தாண்ட விட்டானே, அதுதான். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். என்ன செய்வது என்று தெரியாது, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று மட்டும் தெரியும்.

மறுநாள் கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்குப் போனாள். அங்கே ரம்லா என்று ஒரு பெண், வரிக் கணக்குப் பார்ப்பவள். அமலி போன் மாட்டிய ஒரு நூல் கடைக்காரர்தான் சொல்லி அனுப்பியிருந்தார். ரம்லா நோட்டீஸோடு வந்திருந்த இணைப்புகளையெல்லாம் பொறுமையாகப் படித்தாள். கடைசித் தாளில் கை நின்றது.

"அக்கா, இதப் பாத்தீங்களா? ராஜுலு குடுத்த பதில். டெல்லியில போன் லைசென்ஸ் ஆபீஸ்ல இருந்து அவருகிட்டக் கேட்டிருக்காங்க. லைசென்ஸ் வச்சிருக்கறவங்க வசூல்ல நூத்துக்கு எட்டு ரூபா அரசாங்கத்துக்குக் கட்டணும். அது ஜி.எஸ்.டி. இல்லாம தனி. ஏன் கொறைச்சுக் கட்டறீங்கன்னு கேட்டதுக்கு இப்படி எழுதியிருக்காரு."

"என்னன்னுங்க கண்ணு?"

"பதினஞ்சு பேரு பேரப் போட்டிருக்காரு. நம்ம அண்ணன் மூணாவது. 'இவர்கள் எங்கள் ஏஜென்ட் அல்ல. இவர்களுடைய கஸ்டமர்கள் எங்கள் கஸ்டமர்கள் அல்ல. அந்த வசூலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை.' சீல் வச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அந்தக் கட்டணமும் கட்டல, வரியும் கட்டல. ரெண்டையும் உங்ககிட்ட மட்டும் மாசாமாசம் வாங்கிட்டாரு."

அமலி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். ரம்லா வழக்குப் போடலாம் என்றாள். மாதாமாதம் பணம் அனுப்பினதற்குப் பேங்கில் சாட்சி இருக்கிறது, மூணு வருஷம் இழுக்கும், ஜெயிக்க வழி உண்டு என்றாள். அமலி காதில் அது பாதிதான் விழுந்தது.

"கண்ணு, ஒண்ணு கேக்கட்டுமா? இவரு எழுதிக் குடுத்தபடி பாத்தா, அந்த நூத்தியெம்பத்தாறு கஸ்டமரும் ஆருதுங்க?"

"உங்களுதுதான்க்கா."

"அவரு பொறவு மாத்திப் பேச முடியாதுங்களா?"

"அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்தத எப்படி மாத்துவாரு? மாத்தினா இத்தன வருஷக் கட்டணமும் அவரு தலைல விழும்."

அமலியின் அப்பாவுக்கு ஒரு காலத்தில் பங்காளியோடு காட்டு நிலத்துக்காக ஒரு வழக்கு இருந்தது. இருபது வருஷம் கந்தாயம் கட்டின ரசீதைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போய் மேசையில் வைத்தார். யார் பேரில் வரி கட்டியிருக்கிறதோ அவர்தான் அனுபவத்தில் இருக்கிறார் என்று முடிந்துபோனது. அது இப்போது அவள் நினைவுக்கு வந்தது. நோட்டீஸைப் பார்த்து ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக அந்தத் தாள் பட்டா மாதிரி தெரிந்தது.

"வரியக் கட்டிப்போடறனுங்க" என்றாள்.

ரம்லா பேனாவைக் கீழே வைத்தாள். "அக்கா, கட்டினா நீங்க வித்ததா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"அதுக்குத்தான் கட்டறது கண்ணு. ஒத்துக்கிட்டாத்தான அது என்ற வியாபாரம்? என்ற வியாபாரத்த நான் எங்க வேணாக் கொண்டு போலாமில்ல?"

ரம்லா நோட்டீஸை மறுபடி புரட்டித் தேதியைப் பார்த்தாள். பிறகு, போன் லைசென்ஸ் ஆபீஸிலிருந்து இவர்களுக்கும் ஒரு அபராதம் வரலாம், உடனே முறையான லைசென்ஸ் உள்ள கம்பெனியில் ஏஜென்ட்டாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்றாள். வரி கட்ட வேண்டிய கடைசித் தேதியையும் குறித்துக் கொடுத்தாள். ஃபீஸ் வாங்கவில்லை. "முடிஞ்சதும் வந்து சொல்லுங்கக்கா. எனக்கே பாக்கணும்போல இருக்கு" என்றாள்.

பதினேழு லட்சத்துக்கு வீட்டில் வழி ஒன்றுதான் இருந்தது. தறிக்குடோன். பக்கத்துக் காட்டுக்காரர் கோழித்தீவன குடோனுக்கு ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சொன்னதும் சத்தியசீலன் எழுந்து உட்கார்ந்தான். அவர்கள் குடித்தனத்தில் நடந்த பெரிய சண்டை அதுதான். பெரிய சண்டை என்றாலும் அவன் குரல் ஏறவில்லை.

"பழி தீக்கறதுக்கு ஆஸ்திய விப்பாங்களா அம்மணி?"

"கேசு நடத்தறதுக்கு விக்கறதில்லீங்களா?"

"கேசுல செயிச்சா மிஞ்சும். மூணு வருசம் பொறுத்தா நம்ம பேரும் சுத்தமாயிரும், குடோனும் நிக்கும். ரம்லாவே சொல்லுதில்ல?"

"கூலிக்காரங்கன்னு கேசு போட்டா அந்த மூணு வருசமும் அஞ்சாந்தேதி ஆனா அவனுக்கே நீங்க பணம் அனுப்பீட்டு இருக்கோணும். தெரியுதுங்களா? உங்களக் கையப் புடிச்சு ரோடு தாண்டி உட்டவனுக்கு நான் மேசைக்கடியில பூந்து சம்பாரிச்சுக் குடுக்கோணும். என்னால ஆகாதுங்க."

"எனக்காகவா இத்தனையும்? எனக்கு வேண்டாம் அமலி. எனக்கு அந்த லெட்டரு மட்டும் கெடச்சாப் போதும். நாங்க களவாணிக இல்லன்னு ஒரு லெட்டரு."

"உங்களுக்கு வேண்டாமுன்னா வேண்டாமுங்க. எனக்கு வேணும்."

அத்தோடு பேச்சு நின்றது. அவன் போய்த் தறிக்குடோனில் உட்கார்ந்துகொண்டான். அவள் பாத்திரம் தேய்த்தாள். சட்டியெல்லாம் அன்றைக்குப் பளபளவென்று ஆனது.

தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. பூசையில் எல்லாரோடும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது, தீமை செய்தவர்களைப் பொறுத்துக்கொள்வதைப் பற்றிய இடம் வந்ததும் அமலி வாயை மூடிக்கொண்டாள். அந்த இடம் தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொண்டாள். பொய் சொல்லக் கூடாதல்லவா. ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய வரவில்லையா என்று பங்குச்சாமியார் கேட்டபோது, "ஒரு சோலி பாக்கி இருக்குதுங் சாமி, அத முடிச்சுப்போட்டு வாரேனுங்க" என்றாள். சோலி எது என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

பீளமேட்டில் ரவிதேஜா என்று ஒருவன் இன்னொரு போன் கம்பெனி நடத்தினான். சின்ன வயசு, ஆனால் பேச்சில் வழவழப்பு இல்லை. ஒப்பந்தத் தாளை அவள் நாலு தடவை படித்தாள். பில் கம்பெனி பேரில், வரியும் லைசென்ஸ் கட்டணமும் கம்பெனி கட்ட வேண்டும், இவர்களுக்கு ஏஜென்ட் கமிஷன் மட்டும் என்று தமிழில் எழுதச் சொல்லி, அதை ரம்லாவிடமும் காட்டிவிட்டுத்தான் சத்தியசீலனைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். அவன் போட்டான். குடோன் விற்பதற்கும் அவன் குறுக்கே நிற்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. கம்பெனி மாறினால் நம்பரும் மாறிவிடும். பில் புத்தகம், போர்டு, சாக்கு மேல் அச்சு, எல்லாவற்றிலும் பழைய நம்பர். நூற்று எண்பத்தாறு இடத்திலும் போய்ப் பேசியாக வேண்டும். அமலி பங்குனி முழுக்க நடந்தாள். காலை கம்மங்கூழைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வீடு வருவாள். உதடு வெடித்தது, கழுத்தில் வேர்க்குரு கொப்பளித்தது. முதலில் சோமனூர் நாச்சியம்மாள் நூல் கடைக்குப் போனாள். நாச்சியம்மாள் சம்மதித்தால் அந்தத் தெருவே சம்மதிக்கும்.

"நம்பரு மாறுமா? என்ன அமலி சொல்ற? ஈரோட்டுக்காரன், மும்பைக்காரன் அத்தன பேருகிட்டயும் அந்த நம்பருதான இருக்குது" என்றாள் நாச்சியம்மாள்.

"ஆமாங்க்கா. அத்தன பேருக்கும் நானே கூப்புட்டுச் சொல்லீறேனுங்க. போர்டு மாத்தற பெயிண்டர் கூலியும் நான் தாரேன்."

"அதெல்லாம் இருக்கட்டும். ஆறு வருசமா நல்லாத்தான ஓடுது, இப்ப எதுக்கு மாத்தோணுங்கற? மறைக்காமச் சொல்லு."

அமலி மறைக்கவில்லை. வரி நோட்டீஸைச் சொன்னாள், பில்லில் வாங்கின அரசு கட்டணம் அரசுக்குப் போகாததைச் சொன்னாள். நாச்சியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள், நூல் கோனை எடை போடுவதை நிறுத்தவில்லை. வாட்ச்மேன் கையைப் பிடித்து ரோடு தாண்ட விட்டதைச் சொன்னபோது தராசை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"சத்தியசீலனையா? என்ற கடைக்கு வந்தா நெழல்ல கூட நிக்காம வாசல்ல நிக்கற மனுசன. எங்கிட்ட வாங்கின அரசு கட்டணமும் அந்தாளு பையிலயா போச்சு?" என்றாள். பிறகு, "பெயிண்டர் கூலி நீ ஒண்ணும் தர வேண்டாம். எப்ப மாட்டற?" என்றாள்.

எல்லாரும் நாச்சியம்மாள் இல்லை. ஆறு இடத்தில் வாசலோடு அனுப்பினார்கள். அந்த ஆறுக்கும் மூணு நாலு தடவை நடந்து சம்மதம் வாங்கினாள். அந்தப் பதினைந்து பேர் பட்டியலில் இருந்த மற்றவர்களையும் விடவில்லை. பல்லடம், அவிநாசி என்று ஒவ்வொருவராகப் பிடித்து ராஜுலு எழுதிக் கொடுத்த தாளின் நகலைக் காட்டினாள். கோபிச்செட்டிபாளையத்தில் ஆரோன் என்பவருக்கும் அதே நோட்டீஸ் வந்து, அவர் பெண்சாதி நகையைப் பேங்கில் வைத்திருந்தார். அமலி பஸ் ஏறிப் போனாள். வாய்க்கால் ஓரத்து வாழைத்தோப்புகளில் காற்று சில்லென்று வந்தது, அவளுக்கு அது உறைக்கவேயில்லை. "அவரு உங்களுதுன்னு எழுதிக் குடுத்துப்போட்டாருங்க. எடுத்துக்குங்க" என்று மட்டும் ஆரோனிடம் சொன்னாள். சித்திரை பிறப்பதற்குள் பதினைந்தில் பதினோரு பேர் ரவிதேஜா கம்பெனிக்குத் திரும்பிவிட்டார்கள்.

ராஜுலுவின் கம்பெனியிலிருந்து முதலில் கோபமாகப் போன் வந்தது. பெட்டிகளையெல்லாம் திருடிக்கொண்டதாகப் போலீசில் எழுதிக் கொடுப்போம் என்றார்கள். "வந்து எடுத்துக்குங்க, ஒரு ஆணி கொறையாது" என்று அமலி சொன்னாள். கூலிக்கு நெய்கிறவர்கள் துணியோடு கழிவு நூலையும் மூட்டை கட்டித் திருப்பிக் கொடுப்பார்கள், பிற்பாடு ஒரு பேச்சு வரக் கூடாது என்று. அந்த முறைப்படியே கழற்றிய ஒவ்வொரு போனையும் துடைத்து, வயரைச் சுற்றி, கஸ்டமர் பேர் எழுதி ஒட்டித் தறிக்குடோனில் அடுக்கினாள். நூற்று எண்பத்தாறும் வந்து சேர்ந்தன. தன் கையால் மூன்று தரம் எண்ணினாள்.

குடோன் பத்திரப் பதிவுக்கு முந்தின நாள் ராஜுலு நேரிலேயே வந்தார். காரை டிரைவர் வேப்பமரத்து நிழலில் நிறுத்தினான். ராஜுலு உள்ளே வந்து பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். சட்டை வெள்ளைதான், முகம்தான் கசங்கியிருந்தது. அமலி மோர் கொடுத்தாள். வீடு தேடி வந்தவருக்குக் கொடுக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது. அவர் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்மணி, நடந்தது நடந்துபோச்சுங்க. எங்க மேல தப்பு இருக்குது, இல்லீங்கல. இந்தாங்க, சத்தியசீலன் அண்ணன் கேட்ட லெட்டரு" என்று உறையை நீட்டினார். "நீங்க கூலிக்கு ஓட்டினவங்க, வரி எங்க பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். இத வரி ஆபீசுல குடுங்க. எங்க தலைல என்ன உழுந்தாலும் நாங்க பாத்துக்கறோம், பதினேழு லட்சமும் உங்களுது இல்லைன்னு ஆயிரும். குடோன விக்க வேண்டியதில்ல."

சத்தியசீலன் உறையை வாங்கிப் பிரித்தான். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். ரெண்டு மாதமாக அவன் கேட்டதெல்லாம் அந்த ஒரு தாளைத்தான்.

"இதுக்கு நாங்க என்ன செய்யோணுமுங்க?" என்று அமலி கேட்டாள்.

"கஸ்டமருகளத் திருப்பி உட்டுருங்க. அவ்வளவுதானுங்க. மத்த ஊர்க்காரங்களும் நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"நாங்க திருப்பலீன்னா?"

"அம்மணி, கம்பெனி நிக்காதுங்க. பேங்குக் கடன் இருக்குது. ஊட்டையும் சேத்தித்தான் அடமானம் வச்சிருக்கேன்."

இதைக் கேட்கத்தான் அவள் பங்குனி வெயிலில் நடந்தாள். கேட்டபோது நெஞ்சு குளிர்ந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"நல்லதுங்க" என்றாள். "இந்த லெட்டர நாங்க வாங்குனா அந்தக் கஸ்டமருக உங்களுதுன்னு ஆயிருமுங்க. அப்ப உங்க கஸ்டமரத் திருடுனது நானுன்னு ஆகும். வேண்டாமுங்க. நீங்க மொதல்ல எழுதிக் குடுத்ததே இருக்கட்டும். அதுல உங்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லைன்னு தெளிவா இருக்குது."

"குடோன் போயிருமேங்க."

"போகட்டுமுங்க. நாளைக்குப் பதினோரு மணிக்குப் பதிவு. வரியும் நாளைக்கே கட்டீருவேன்."

ராஜுலு சத்தியசீலனைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கண்ணா. அம்மணி கோவத்துல பேசறாங்க. நீங்க நாயந் தெரிஞ்சவங்க."

சத்தியசீலன் தாளை மடித்து உறைக்குள் போட்டான். எழுந்து, பின்கதவு வழியாகக் குடோன் பக்கம் போனான். மனுஷன் மறைவாகப் போய் அழத்தான் போகிறான், தான் அவனுக்கு வேண்டியதைப் பிடுங்கித் தன் பசிக்குப் போட்டுக்கொண்டோம் என்று அந்த ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க வாய் வரவில்லை.

அவன் திரும்பி வந்தான். ஒரு கையில் போன்களின் பட்டியல் நோட்டு, மறு கையில் பேனா. உறையை ராஜுலுவின் சேர் கைப்பிடியில் வைத்தான்.

"பெட்டிகளத் திருடீட்டமுன்னு சொன்னாங்களாமா" என்றான். "நாளைக்குக் குடோன் கை மாறுதுங்க. அதுக்குள்ள உங்க சரக்க ஒவ்வொண்ணாப் பாத்துக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கோணுமுங்க. எங்க தொழில்ல அப்படித்தானுங்க மொறை."

"ஆளு அனுப்பறனுங்க."

"நீங்கதான் மொதலாளி. உங்க கையெழுத்துதான் செல்லுமுங்க. வாங்க."

ராஜுலு போகாமலும் இருந்திருக்கலாம். ஆனால் பெட்டி ஒவ்வொன்றும் இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையாது, இருக்கிற நிலைமையில் அவருக்கு அதுவும் வேண்டும். குடோனுக்குள் அஸ்பெஸ்டாஸ் கூரை உச்சி வெயிலை அப்படியே கீழே இறக்கியது. சத்தியசீலன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, போனின் அடியில் இருக்கிற எண்ணைப் படித்தான். ராஜுலு குனிந்து அந்தப் பெட்டியைத் தேடி எடுத்து, கவிழ்த்து எண்ணைப் பார்த்து, ஆமாம் என்று சொல்லி, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பத்தாவது பெட்டியில் அவர் மூக்குக் கண்ணாடி வேர்வையில் வழுக்கியது. முப்பதில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுபதில் சேர் கேட்டார், அமலி கொண்டுவந்து போட்டாள். குனிவதற்கு எழுந்துதான் ஆக வேண்டும். டிரைவர் உதவிக்கு வந்தபோது, "நீங்க நெழல்ல இருங்க தம்பி, மொதலாளியே பாத்துக்குவாரு" என்று சத்தியசீலன் தன்மையாகச் சொன்னான். அவன் குரல் ஒரே சீராக இருந்தது. ரெண்டு மாதமாக வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன் அன்றைக்கு எண் எண்ணாகப் படித்துக்கொண்டே போனான்.

மூன்று மணியாயிற்று. நூற்று எண்பத்தாறாவது பெட்டிக்கு எதிரே கையெழுத்துப் போட்டுவிட்டு ராஜுலு சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். வேட்டி முழுக்கப் பஞ்சுத் தூசி.

"முடிஞ்சுதுங்களா?" என்றார்.

சத்தியசீலன் விரலை எச்சில் தொட்டு நோட்டின் பக்கங்களை மெதுவாகப் பின்னால் தள்ளினான். பெட்டிகளைப் பார்த்தான். மறுபடி நோட்டைப் பார்த்தான்.

"ஒண்ணு இடிக்குதுங்க" என்றான். "எங்கியோ ஒண்ணு உட்டுப்போச்சாட்ட இருக்குது. செரமம் பாக்காம மொதல்ல இருந்து இன்னொருக்கா வந்தரலாமுங்க."

எதுவும் விட்டுப்போகவில்லை. அது அமலிக்குத் தெரியும். அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் நோட்டில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. ராஜுலு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அமலி அவருக்குப் பின்னால் சேரைச் சரியாக நகர்த்திப் போட்டுவிட்டு, "உக்காருங்க" என்றாள்.

சத்தியசீலன் முதல் எண்ணைப் படித்தான்.